பினாயில் போட்டுக் கழுவிய கூண்டு

1966ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி திங்கட்கிழமை காலை, மேற்குத் தாம்பரத்தைச் சேர்ந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியை மெட்டில்டா ஜீவரத்தினம், வயது முப்பத்தெட்டு, தாம்பரம் காசநோய் சானடோரியத்தில் பெண்கள் வார்டில் சேர்க்கப்பட்டார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஓட்டை விழுந்திருப்பதை எக்ஸ்ரே காட்டியது.

அவருடைய கணவர் ஜீவரத்தினம் சேப்பாக்கத்தில் பொதுப்பணித் துறையில் டிராப்ட்ஸ்மேன். அன்று அரைநாள் லீவு போட்டிருந்தார். வார்டு நீளமாக, இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. கட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே மூடி போட்ட எச்சில் குவளை ஒன்று. மெட்டில்டா தன் கட்டிலில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

"எத்தனை மாசம்னு டாக்டர் சொல்லலை" என்றார்.

"சொல்லலை."

"யோனாவைப் பார்த்துக்குங்க. நான் வரும்போது அது இருக்கணும்."

"இருக்கும்."

"வேற ஒண்ணும் நான் கேக்கலை."

யோனா என்பது கிளி. நான்கு வருடங்களுக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் ஒரு பூனையின் வாயிலிருந்து மீண்ட குஞ்சு. வேதத்தில் மீனின் வயிற்றிலிருந்து மீண்ட யோனாவைப் போல உயிரோடு வெளியே வந்ததால் மெட்டில்டா அந்தப் பெயரை வைத்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் மெட்டில்டா நோட்டுப் புத்தகம் திருத்தும்போது கிளி அவருடைய தோளில் உட்கார்ந்து பென்சிலைக் கடிக்கும். ஜெபத்துக்கு முழங்காலிடும் நேரத்தில் அது சும்மா இருக்காது. "ஆமென்" வருவதற்கு முன்பே விசிலடிக்கும். ஜீவரத்தினம் அதைப் பெரிதாகக் கவனித்ததில்லை. அது மனைவியின் கிளி.

மறுநாள் படப்பையிலிருந்து ஜீவரத்தினத்தின் அக்கா சாராள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். தம்பிக்குச் சோறு பொங்கிப்போட ஆள் வேண்டும். சாராளுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய கணவர் சுந்தர்சிங் இதே நோயில் 1947இல் இறந்தவர். அப்போது இந்த ஊசியெல்லாம் வரவில்லை.

அந்த வாரமே சுகாதார ஊழியப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிட்டுப் போனாள். நோயாளி புழங்கிய பாத்திரத்தைக் கொதிக்கும் நீரில் போட வேண்டும். மெத்தையை வெயிலில் காயவைக்க வேண்டும். தரையைப் பினாயில் விட்டுக் கழுவ வேண்டும். சாராள் எல்லாவற்றையும் செய்தார். சொல்லாததையும் செய்தார். கதவுப் பிடி, ஜன்னல் கம்பி, தையல் மெஷின், சுவரில் மாட்டியிருந்த வேத வசன அட்டை என்று எல்லாவற்றையும் பினாயில் துணியால் துடைத்தார். பிறகு கூண்டுக்கு வந்தார்.

"இது அவ வாய்கிட்டயே கெடந்த பறவைடா தம்பி. வூட்டுக்குள்ள வேணாம்."

"பறவைக்கு அந்த நோய் வருமாக்கா?"

"வந்தா நீ இன்னா பண்ணுவ? ஊசி போடுவியா?"

 அந்த மாதங்களில் ஜீவரத்தினம் பெரும்பாலும் தன் வேலையை மட்டும் பார்த்தார். அலுவலகத்தில் பாலத்துக்கு வரைபடம் வரைந்தார். மின்சார ரயிலில் ஏறினார். தாம்பரம் கடைசி நிறுத்தம் என்பதால் எங்கே இறங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கூண்டு பின்கட்டுக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மெட்டில்டா சானடோரியத்துக்குப் போவதற்கு முன்பிருந்த இரண்டு மாதத்தில் கிளி அவரைப் போல இருமக் கற்றுக்கொண்டிருந்தது. இரண்டு வறட்டு இருமல், கடைசியில் மூச்சை இழுக்கும் சத்தம். சாராள் வந்த மூன்றாம் நாள் சமையலறையில் இருந்தவர் அதைக் கேட்டு வெந்நீர் டம்ளரோடு முன்னறைக்கு ஓடினார். அங்கே யாரும் இல்லை. கூண்டு மட்டும் இருந்தது. டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்று மத்தியானமே கூண்டு துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்கு அடியில் தொங்கியது.

தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரில் பினாயில் கலந்து கூண்டைக் கழுவுவார். கிளி மேல் வளையத்தில் தொற்றிக்கொண்டு கழுத்தைத் திருப்பிக்கொள்ளும். உட்காரும் மரக்கம்பில் கிருமி ஊறும் என்று அதை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி செருகினார். பச்சையாக எதுவும் கொடுக்கவில்லை. வெந்த சோறு, வெந்த காரட், கொதித்து ஆறிய தண்ணீர். வெயில் ஏறியதும் கூண்டின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். குளிக்க வைக்கும் தட்டும் போயிற்று.

சாராள் இதையெல்லாம் வெறுப்பில் செய்யவில்லை. மெட்டில்டா திரும்பி வந்து அந்தக் கிளியைத் தொடுவாள், அப்போது அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து ஜீவரத்தினம் சானடோரியத்துக்குப் போனபோது மெட்டில்டா ஒன்று கேட்டார்.

"யோனா உதிர்த்த இறகு ஏதாவது கிடந்தா கொண்டு வாங்க. இங்க எல்லாமே வெள்ளையா இருக்கு."

அடுத்த ஞாயிறு ஒன்று கொண்டுபோனார். வெளிர்பச்சையில் சின்ன மார்பிறகு. மெட்டில்டா அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாராவாரம் ஒன்று. இறகுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. கூண்டுக்குக் கீழே காலையில் பெருக்கினால் சாயங்காலத்துக்குள் மறுபடி கிடந்தது.

மே மாதக் கடைசியில் கிளியின் மார்பு வெறுமையாக இருந்தது. சாம்பலும் இளஞ்சிவப்புமான தோல், கடைத்தெருவில் தொங்கும் கோழியின் தோலைப் போல. தொடைகளும் போயிருந்தன. தலையில் மட்டும் இறகு முழுமையாக, பளபளப்பாக இருந்தது. ஜீவரத்தினம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. தோன்றவில்லை. முகம் கழுவப் போனார்.

"யோனா எப்படி இருக்கு?" என்று மெட்டில்டா கேட்டபோது, "நல்லா இருக்கு" என்றார்.

பக்கத்து வீட்டு ராஜகோபாலன் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரு வழி சொல்வார்.

"இது சொறி சார். வேப்பெண்ணெயில கந்தகத்தைக் குழைச்சு தடவுங்கோ. எங்க மாமா அவர் நாய்க்குத் தடவினார். பத்தே நாள்."

"நாய்க்கு எறகு வந்துடுச்சா சாமி?" என்றார் சாராள்.

"நீங்க கேலி பண்றேள். குணமாச்சா இல்லையா, அதைக் கேளுங்கோ."

கேலி பண்ணினாலும் சாராள் கந்தகம் வாங்கி வந்தார். தம்பி கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அக்கா கோழி இறகால் எண்ணெயைத் தடவினார். கிளி கத்தியது. பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி மூச்சு விட்டது. எண்ணெய், மிச்சமிருந்த இறகுகளையும் உடம்போடு ஒட்டவைத்துவிட்டது. அது மழையில் நனைந்ததைப் போல இரண்டு நாள் நடுங்கியது. அலகால் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து, துடைத்த இடத்திலேயே பிடுங்கியது. சாப்பிட்டதைக் கக்கியது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தடவினார்கள். சிறகின் உள்பக்கமும் வெறுமையானது.

ஜீவரத்தினம் ஒரு சனிக்கிழமை கூண்டைத் துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு மாட்டு டாக்டரிடம் போனார். அவர் கிளியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டுக்குன்னா மருந்து சொல்லுவேன். கிளிக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை சார். ஆனா பூச்சி இல்லை, சொறி இல்லை. தலையில பாருங்க, எல்லாம் இருக்கு. தலை அதுக்கு எட்டாது. எட்டுற இடத்துல மட்டும்தான் போயிருக்கு. அதுவேதான் பிடுங்குது."

"ஏன் பிடுங்குது?"

"அதையே கேளுங்க. சொன்னா எனக்கும் சொல்லுங்க."

பிடுங்காமல் இருக்க வழி என்ன என்று ஜீவரத்தினம் யோசித்தார். அது அவருடைய வேலைக்குள் வரும் கேள்வியாக இருந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு தடித்த வரைபட அட்டையைக் கொண்டுவந்தார். காம்பஸால் இரண்டு வட்டம் போட்டார். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, கிளியின் கழுத்தில் சரியாகப் பொருந்தும்படி மாட்டினார். வேலை சுத்தமாக இருந்தது. கிளி கம்பியிலிருந்து விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. கிண்ணத்துக்குள் அதன் வாய் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் வந்தபோது கூண்டின் தரையில் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சாராள் அட்டையை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்.

"காலைலேர்ந்து ஒரு பருக்கை உள்ள போவல. சாவட்டும்னு வுட்டுடறதுன்னா வுட்டுடு. இப்டி பண்ணாத" என்றார்.

அந்த ஞாயிறு ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. ஜீவரத்தினம் கொடுத்த இறகை மெட்டில்டா உடனே புத்தகத்துக்குள் வைக்கவில்லை. விரலில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் உடம்பு தேறியிருந்தது. தினமும் ஊசி, மாத்திரை. காலையில் பாலும் முட்டையும். பிறகு வராந்தாவுக்குக் கட்டிலை இழுத்துப்போட்டு வெயிலில் படுக்க வைத்தார்கள். கன்னம் கொஞ்சம் நிறைந்திருந்தது.

"இது உதிர்ந்த இறகு இல்லைங்க."

"கீழே கிடந்தது."

"கீழே கிடந்திருக்கும். உதிர்ந்தா அடிக்குருத்து காய்ஞ்சு சுத்தமா இருக்கும். இதுல ரத்தம் காய்ஞ்சிருக்கு. நுனியெல்லாம் மென்னிருக்கு." புத்தகத்தைப் புரட்டி மற்றவற்றையும் எடுத்தார். விரிப்பின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். ஏப்ரலில் கொண்டுவந்த முதல் இறகு மட்டும் முழுசாக இருந்தது.

"எவ்வளவு போச்சு?"

"மார்பு. தொடை. சிறகுக்குள்ளே."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

 பக்கத்துக் கட்டில் பெண் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரி. என்னென்ன பண்ணினீங்கன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம."

அவர் சொன்னார். பின்கட்டு, பினாயில், இரும்புக் கம்பி, வெந்த சோறு, சாக்கு, வேப்பெண்ணெய், கந்தகம், அட்டை. மேலதிகாரிக்கு அறிக்கை சொல்வதைப் போல வரிசையாகச் சொன்னார்.  முடிந்ததும் மெட்டில்டா இருமினார். இருமி முடிக்கும்வரை ஜீவரத்தினம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வார்டை யாரும் சாக்குப் போட்டு மூடலை" என்றார் மெட்டில்டா. "எனக்குக் காத்து வேணும், வெயில் வேணும், நல்ல சாப்பாடு வேணும்னுதானே இங்க வச்சிருக்காங்க. அதுக்கு மட்டும் எதுக்குப் பினாயில்? அந்த நெடி அது நெஞ்சுக்குள்ள போகாதா? இறகுல படிஞ்சா அரிக்காதா?"

"அக்கா பயந்துட்டாங்க."

"அண்ணி பயப்படுவாங்க. அவங்க பார்த்தது அப்படி. நீங்க பார்த்திருக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் வகுப்பில் சொல்வதைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்ணெய் வேண்டாம், மருந்தே வேண்டாம். எண்ணெய் தானாகப் போகட்டும். கூண்டை வெறும் தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்தால் போதும். வேப்பங்கொம்பைப் பட்டையோடு வெட்டி இரும்புக் கம்பிக்குப் பதிலாகச் செருக வேண்டும். கடித்துத் துப்ப அதற்கு ஏதாவது வேண்டும். கொம்பு இருந்தால் கொம்பைக் கடிக்கும், இல்லாவிட்டால் தன்னைக் கடிக்கும். முளைகட்டிய பயறு, கொய்யாக்காய், முருங்கைக்கீரை, பச்சைக் கம்பங்கதிர். அகலத் தட்டில் தண்ணீர், இஷ்டமிருந்தால் குளிக்கட்டும். காலை வெயில் ஒரு மணி நேரம்.

"பிடுங்கறப்ப ஓடிப் போய் அதட்டாதீங்க. நகம் கடிக்கிற பிள்ளையை அதட்டினா இன்னும் கடிக்கும். முக்கியமா அது தனியா இருக்கக் கூடாது. பகல்ல யாராவது கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும்."

"நான் பகல்ல ஆபீஸ்ல இருப்பேன்."

"அண்ணி இருப்பாங்களே."

சாராள் இதைக் கேட்டதும் அரிவாள்மணையிலிருந்து எழுந்துவிட்டார்.

"நல்லாக்கீதே. அங்க ஒரு பேஷண்டு, இங்க ஒரு பேஷண்டு. நான் இன்னா நர்சம்மாவா?"

"பக்கத்துல உட்கார்ந்தா போதுமாம்க்கா. ஒண்ணும் பண்ண வேணாமாம்."

"உக்காந்தா எறகு மொளைக்குமா? எந்தூர் வைத்தியம்டா இது?"

ஆனாலும் மறுநாள் பினாயில் வாளி வரவில்லை. கூண்டு சமையலறைக்குப் பின்னாலிருந்த தாழ்வாரத்துக்கு வந்தது. சாராள் காய் நறுக்குவது, அரிசி புடைப்பது, மத்தியானம் கண்ணயர்வது எல்லாம் அங்கேதான். ராஜகோபாலன் வீட்டு வேப்பமரத்தின் கிளை சுவரைத் தாண்டி வந்திருந்தது. அதிலிருந்து ஒரு கொம்பை ஜீவரத்தினம் வெட்டினார்.

"வேப்பெண்ணெய் வேலைக்காகலைன்னதும் மரத்தையே வெட்ட ஆரம்பிச்சுட்டேளா?" என்றார் ராஜகோபாலன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

முதல் பல நாட்கள் எதுவும் நடக்கவில்லை. கிளி பச்சைக் கொம்பின் மேல் ஏறவே பயந்தது. பயறைக் கீழே தள்ளியது. தட்டுத் தண்ணீரைப் பார்த்து ஒதுங்கியது. பிடுங்கியது. சாராள் அதட்டாமல் இருப்பதற்காக வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பேச ஆளில்லாத அந்த மத்தியானங்களில் அவர் வேதப்புத்தகத்தைத் திறந்து சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தார். வழக்கமாக வாசிப்பதுதான். முன்பு அறைக்குள் வாசித்தார், இப்போது தாழ்வாரத்தில். கொத்தவரங்காய் ஆய்ந்தால் ஒரு காயைக் கூண்டுக்குள் செருகுவார். கிளி அதை நார் நாராகக் கிழித்துப் போடும்.

"தின்னாதான் இன்னா? துரைக்குக் கிழிக்கத்தான் வேணுமா?" என்பார். அடுத்த காயையும் செருகுவார்.

ஆகஸ்டில் ஒரு காலை, கிளி தட்டில் இறங்கிக் குளித்தது. சாராளின் புடவை நனைந்தது. அன்று சாயங்காலம் தம்பி செருப்பைக் கழற்றும் முன்பே அதைச் சொன்னார். ஜீவரத்தினம் "அப்படியா" என்றார். சானடோரியத்தில் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். மெட்டில்டா முழுவதையும் இரண்டு முறை கேட்டார்.

செப்டம்பரில் மார்பின் தோலில் முள் முள்ளாக ஏதோ கிளம்பியது. சாம்பல் நிற உறைக்குள் சுருண்டிருந்த இறகுகள். சாராள் முதலில் பயந்துவிட்டார், கொப்புளம் என்று. இரண்டு நாள் கழித்து ஒரு முள்ளின் நுனி உடைந்து பச்சை தெரிந்தது. அவற்றில் பாதியைக் கிளி பிடுங்கிப் போட்டது. ரத்தம் வந்தது. ஜீவரத்தினத்தின் கை அட்டை வளையம் கிடந்த அலமாரி வரை போயிற்று.

"வேணாம்" என்றார் சாராள். "அவ இன்னா சொன்னா? சும்மா இருன்னாளா இல்லியா? சும்மா இரு."

சும்மா இருந்தார்கள். அக்டோபரில் முளைத்தவை நின்றன. நவம்பர் முதல் வாரம் அடித்த புயலில் தாழ்வாரத்து ஓடுகள் சரிந்தன. காற்று ஏறுவதற்கு முன்பே சாராள் கூண்டை உள்ளே தூக்கிவந்து தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. புயல் போன பிறகும் கூண்டு அங்கேயே இருந்தது. இப்போது கிளி இருமுவதில்லை. சாராள் தொண்டையைச் செருமுவதைப் போலச் செருமியது. அவர் சங்கீதம் வாசிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்தால் போதும், கம்பியோரம் வந்து நின்றுகொள்ளும்.

டிசம்பரில் மூன்று முறை எடுத்த கபப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. 1967 ஜனவரி இரண்டாம் வாரம் மெட்டில்டா வீட்டுக்கு வந்தார்.

ஜட்காவிலிருந்து இறங்கியவர் உடுப்பு மாற்றாமல் நேரே கூண்டுக்குப் போனார். மார்பு மூடியிருந்தது. தொடையில் இறகு கொஞ்சம் குட்டை. சிறகை விரித்தபோது இடைவெளி இல்லை. மெட்டில்டா கதவைத் திறந்து தோளைக் காட்டினார். கிளி உள்ளேயே நின்று அவரைப் பார்த்தது. அவர் விரலை நீட்டினார். கடித்துவிட்டது.

"பத்து மாசம் ஆச்சில்ல, பழகிடும்" என்றார் சாராள் அவசரமாக. விரலைத் துடைக்கத் துணி கொண்டுவந்தார். கிளி கூண்டுக்குள் அவர் போன பக்கமெல்லாம் நடந்தது.

சாராள் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் படப்பைக்குக் கிளம்பினார். மகன் சாலமோன் வந்து கூட்டிப்போனான். மெட்டில்டா பள்ளிக்குத் திரும்ப இன்னும் நாள் இருந்தது. பகல் முழுவதும் கூண்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். காய் ஆய்ந்தார், ஒரு காயைச் செருகினார். சங்கீதமும் வாசித்தார். அவர் மற்றவர்களுக்குச் சொன்னது எதையும் தான் செய்யாமல் விடவில்லை. கிளி, சாராள் வந்து போய்க்கொண்டிருந்த பின்வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வாரக் கடைசியில் கூண்டுக்குக் கீழே இறகுகள் கிடந்தன. மெட்டில்டா ஒன்றை எடுத்து அடிக்குருத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா?" என்று கேட்டார்.

"எது?"

"அது அண்ணியோட ஆயிடுச்சுன்னு."

ஜீவரத்தினம் யோசித்தார். "நான் பகல்ல ஆபீஸ்ல இருந்தேன்" என்றார்.

"கொஞ்ச நாள் போனா பழகிடும்னு சொல்லுவீங்களா?"

"பழகலாம்."

"பழகறதுக்குள்ள மொட்டையாயிடும். அப்புறம் மறுபடி முளைக்கணும். முளைச்சதும் எனக்கு ஸ்கூல் திறந்துடும். பகல்ல யாரும் இருக்க மாட்டோம்." இறகைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணியை இங்கயே வந்து இருக்கச் சொல்ல முடியுமா?" என்றார்.

"சாலமோன் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம்."

"ஆமா."

மெட்டில்டா எழுந்துபோய் அடுப்பை மூட்டினார்.  மறுநாள் காலையில் ஒரு பழைய விரிப்பைக் கிழித்துக் கூண்டுக்கு உறை தைத்தார். காற்று போவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்து விட்டார்.

"படப்பைக்கு நீங்க கொண்டுபோங்க, நான் வரலை. பஸ்ல ஆட்டம் தாங்காது" என்றார். "பயறு முளைகட்டி டப்பாவுல வச்சிருக்கேன். அண்ணி கேட்டா, நான்தான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

படப்பை பஸ்ஸில் கண்டக்டர் உறையைத் தட்டிப் பார்த்தான்.

"கோழியா சார்?"

"கிளி."

"கிளின்னா ஜோசியமா?"

"இல்லை."

"அப்ப எதுக்கு சார் படப்பைக்குப் போவுது? கல்யாணமா?" பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜீவரத்தினம் கூண்டை மடியில் வைத்துக்கொண்டார். முடிச்சூர் தாண்டும் வரை உள்ளே சத்தமில்லை.

சாராள் தெருவாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். உறையை எடுத்ததும் கிளி தொண்டையைச் செருமியது.

"எதுக்குடா தூக்கியாந்த?" என்றார். "அவ அழுதாளா?"

"இல்லை."

"பொய் சொல்லாத."

"அழலைக்கா. நான் பார்த்தவரைக்கும் அழலை."

சாராள் கூண்டின் கதவைத் திறந்தார். கிளி அவருடைய கையில் ஏறி, முழங்கை வழியாகத் தோளுக்குப் போயிற்று. அவர் தம்பிக்கு மோர் கொண்டுவர உள்ளே போனார். கிளியும் போயிற்று.

ஏப்ரலில் சாலமோனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன ஜீவரத்தினமும் மெட்டில்டாவும் கிளியையும் பார்த்தார்கள். இறகுகள் முழுமையாக வளர்ந்திருந்தன. மெட்டில்டா விரலை நீட்டவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன்பே கிளம்பினார்கள். ஜூன் மாதம் மெட்டில்டா பள்ளியில் மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டார். கிளி படப்பையில் இருந்தது.